டியேகோ சிமியோனே வெறும் தற்காப்புப் பயிற்சியாளர்தானா?

கேள்வி இதுதான்: "அட்லெடிகோ மாட்ரிட் பயிற்சியாளர் சிமியோனே வீரராக இருந்தபோது எப்படி ஆடினார்? பயிற்சியாளராக அவர் செய்தது பத்துப் பேரைப் பின்னால் நிறுத்தி வைத்ததுதானே, அதற்கு ஏன் இவ்வளவு மரியாதை?"

இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சிமியோனே எந்த இடத்தில் ஆடினார், யாரிடம் கற்றார், எப்படியெல்லாம் கோல் போட்டார் என்று தெரிந்துகொண்டால், அவர் உருவாக்கிய அணி ஏன் அப்படி ஆடியது என்பதும் புரிந்துவிடும். "தற்காப்பு" என்ற முத்திரை முழுப் பொய் இல்லை. ஆனால் அது பாதி உண்மைகூட இல்லை என்பது என் கருத்து.

1970 ஏப்ரல் 28 அன்று புவெனஸ் ஐரிஸில் பிறந்தவர். அங்குள்ள வேலெஸ் சார்ஸ்ஃபீல்ட் கிளப்பின் இளையோர் அணியில் வளர்ந்தார். பையனின் துடிப்பைப் பார்த்த மூத்த பயிற்சியாளர் விக்டோரியோ ஸ்பினெட்டோவுக்கு, 60களில் போகா ஜூனியர்ஸில் ஆடிய கார்மெலோ சிமியோனே ஞாபகத்துக்கு வந்தார். அவருடைய பட்டப்பெயரான 'சோலோ'வை இவருக்கும் வைத்துவிட்டார். இருவருக்கும் உறவு எதுவும் கிடையாது. ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றும் மாட்ரிட் ரசிகர்கள் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். 1987இல், 17 வயதில், முதல் டிவிஷனில் இறங்கினார். 1990இல் இத்தாலியின் பீசாவுக்குப் போனார். அது சிறிய கிளப். ஒரே வருடத்தில் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியும்விட்டது.

1992இல் ஸ்பெயினின் செவியா. அங்கேதான் அவருக்கு உண்மையான பாடசாலை கிடைத்தது. பயிற்சியாளர் கார்லோஸ் பிலார்டோ, 1986இல் அர்ஜென்டினாவுக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர். அந்த ஒரு சீசன் அணியில் கூட ஆடியவர் மாரடோனா. அர்ஜென்டினாவில் கால்பந்தைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. அழகாக ஆடி ஜெயிக்க வேண்டும் என்பவர்கள் இன்னொரு பயிற்சியாளரான மெனோட்டி பக்கம். எதிராளியை அக்குவேறு ஆணிவேறாகப் படித்து, சின்னச் சின்ன விஷயங்களில் முந்தி ஜெயிக்க வேண்டும் என்பவர்கள் பிலார்டோ பக்கம். சிமியோனே எந்தப் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. 1988இல் தேசிய அணியில் அவரை முதலில் இறக்கியவரும் பிலார்டோதான்.

1994இல் அட்லெடிகோ மாட்ரிட். இந்த மூன்று வருடங்களை யாரும் வேகமாகத் தாண்டிப் போகக்கூடாது, ஏனென்றால் பின்னாளில் அவர் கட்டிய அணியின் வரைபடம் இங்கே இருக்கிறது. 1995இல் செர்பியரான ராடோமிர் அன்டிச் பயிற்சியாளராக வந்தார். கூடவே மிலிங்கோ பான்டிச் என்ற, அதிகம் யாருக்கும் தெரியாத நடுகள வீரரைக் கிரீஸிலிருந்து கூட்டி வந்தார். பான்டிச்சின் காலில் ஒரு தனி வித்தை இருந்தது. கார்னர், ஃப்ரீ கிக் எதுவானாலும், சொன்ன இடத்தில் பந்தை இறக்குவார். அவர் கார்னர் அடிக்கும் மூலையில் ஒரு ரசிகை பூங்கொத்து வைக்கும் பழக்கம் அப்போது தொடங்கி, அவர் கிளப்பை விட்டுப் போன பிறகும் பல வருடம் தொடர்ந்தது.

அந்தப் பந்துகளைத் தலையால் முட்டி வலைக்குள் அனுப்பியவர்களில் முக்கியமானவர் சிமியோனே. அந்த 1995-96 சீசனில் லீக்கில் மட்டும் 12 கோல். நடுகளத்தில் பந்தைப் பறிக்கும் வேலையைச் செய்துகொண்டே, பெனால்டி ஏரியாவுக்குள் கடைசி நொடியில், யாரும் கவனிக்காத நேரத்தில் ஓடி வந்து சேர்வார். பட்டத்தை முடிவு செய்த கடைசி ஆட்டத்தில், அல்பசேட்டே அணிக்கு எதிராக, பான்டிச்சின் ஃப்ரீ கிக்கை முட்டி முதல் கோலைப் போட்டதும் அவரே. 2-0. அந்த வருடம் லீக், ஸ்பெயினின் நாக்அவுட் கோப்பையான கிங்ஸ் கப் இரண்டும் அட்லெடிகோவுக்கு. அல்பசேட்டே என்ற பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

மோசமான பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அத்லெடிக் பில்பாவோவின் ஹுலென் குரேரோ கீழே கிடந்தபோது அவருடைய தொடையை பூட்ஸ் ஆணியால் மிதித்துக் கிழித்தவர் இவர். அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. அதை நியாயப்படுத்த எதுவுமில்லை. உலகத்துக்கே தெரிந்த சம்பவம் 1998 உலகக் கோப்பையில், செயின்ட் எட்டியனில் நடந்தது. பின்னாலிருந்து இங்கிலாந்தின் பெக்கமை இடித்துத் தள்ளினார். கீழே கிடந்த பெக்கம் காலைத் தூக்கி லேசாகத் தட்டினார். சிமியோனே மரம் சாய்வதுபோலச் சாய்ந்தார். பெக்கமுக்குச் சிவப்பு அட்டை. 2-2 என்று முடிந்த ஆட்டத்தை அர்ஜென்டினா பெனால்டியில் ஜெயித்தது. அந்தச் சூழலைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொண்டதை அவரே பின்னால் ஒப்புக்கொண்டார். நான்கு வருடம் கழித்து சப்போரோவில் அதே பெக்கம் பெனால்டியில் அடித்த ஒரே கோலில் அர்ஜென்டினா தோற்றது. அந்தத் தொடரில் முதல் சுற்றோடு வெளியேறியும்விட்டது.

தேசிய அணிக்கு 106 ஆட்டம், 11 கோல். 2002இல் அவர் விலகியபோது அர்ஜென்டினாவுக்காக அவரைவிட அதிகம் ஆடியவர் யாரும் இல்லை. 1991, 1993இல் தென் அமெரிக்க நாடுகளுக்கான கோபா அமெரிக்கா வென்ற இரண்டு அணிகளிலும் இருந்தார். அந்த 93க்குப் பிறகு அடுத்த கோபாவுக்கு அர்ஜென்டினா 2021 வரை காத்திருந்தது என்பதை நினைத்தால் அதன் மதிப்பு தெரியும்.

1997இல் இத்தாலிக்குத் திரும்பி இன்டர் மிலானில் இரண்டு வருடம். பிரேசிலின் ரொனால்டோவோடு சேர்ந்து 1998இல் யூஏஃபா கோப்பை வென்றார். பிறகு லாசியோ. 2000ஆம் ஆண்டு ஏப்ரலில் யுவென்டஸை அதன் சொந்த மைதானத்தில் 1-0 என்று வீழ்த்திய ஹெட்டர் இவருடையது. பட்டப் போட்டியையே அந்த கோல்தான் மறுபடி திறந்துவிட்டது. கடைசி நாளில் பெருஜாவில் கொட்டிய மழையில் யுவென்டஸ் தோற்க, லாசியோ சாம்பியன். அந்த அணியிலிருந்து எத்தனை பயிற்சியாளர்கள் வந்திருக்கிறார்கள் பாருங்கள்: மான்சினி, சிமோனே இன்சாகி, மிஹைலோவிச், கொன்சைசாவ், நெஸ்டா, அல்மெய்டா, சிமியோனே. எரிக்சன் பயிற்சியளித்த ஓர் உடைமாற்றும் அறையில் இத்தனை பேர்.

2002 மே 5 அன்று லாசியோவை வென்றால் இன்டருக்குப் பட்டம். லாசியோ ரசிகர்களே இன்டர் ஜெயிக்கட்டும் என்று கத்தினார்கள், ஏனென்றால் இன்டர் சறுக்கினால் பரம எதிரி ரோமாவுக்குப் பட்டம் போய்விடலாம். லாசியோ 4-2 என்று வென்றது. 3-2 ஆக்கிய ஹெட்டர் சிமியோனேவுடையது. பழைய கிளப்புக்கு எதிராக, சொந்த ரசிகர்களே விரும்பாத கோல். கொண்டாடவில்லை, ஆனால் அடிக்காமலும் விடவில்லை. கடைசியில் பட்டம் யுவென்டஸுக்குப் போனது. அவருடைய குணத்தைச் சொல்ல எனக்கு பெக்கம் விவகாரத்தைவிட இந்த ஆட்டம்தான் சரியாகப் படுகிறது.

அட்லெடிகோவுக்கு 2003இல் திரும்பி ஒன்றரை சீசன் ஆடினார். பிறகு புவெனஸ் ஐரிஸை ஒட்டிய ராசிங் கிளப். 2006 பிப்ரவரியில் வீரராக ஓய்வு பெற்ற கையோடு அதே ராசிங்குக்குப் பயிற்சியாளர் ஆனார். படிப்படியாக ஏறி வருவது, உதவிப் பயிற்சியாளராகச் சில வருடம் இருப்பது எதுவும் இல்லை.

அந்த வருடமே எஸ்டுடியான்டெஸ் கிளப்புக்குப் போனார். பிலார்டோ வீரராக ஆடி, பிறகு பயிற்சியும் தந்த கிளப் அது. 1983க்குப் பிறகு லீக் பட்டமே இல்லை. ஐரோப்பாவிலிருந்து ஊர் திரும்பிய ஹுவான் செபாஸ்டியன் வெரோனைச் சுற்றி அணியை அமைத்தார். லீக்கின் கடைசி இரண்டு ஆட்டங்களில் ஒரு புள்ளி எடுத்தால் போதும் என்றிருந்த போகா இரண்டிலும் தோற்றது. போகாவும் எஸ்டுடியான்டெஸும் புள்ளியில் சமநிலை. தனி ஆட்டம் வைத்து முடிவு செய்தார்கள். நடந்த இடம் வேலெஸ் மைதானம், சிமியோனே வளர்ந்த இடம். போகா முதலில் கோல் போட்டது. சோசாவின் ஃப்ரீ கிக்கும், ஆட்டம் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது பவோனே அடித்த கோலும் கணக்கை 2-1 என்று திருப்பின.

அடுத்துப் போன ரிவர் பிளேட் கிளப்பில் கதை வேறு. அங்கே அப்போது வருடத்துக்கு இரண்டு லீக் பட்டங்கள். 2008 முதல் பாதியில் பட்டம் வென்றார். அதே வருட இரண்டாம் பாதியில் அணி பட்டியலின் அடிமட்டத்துக்குப் போனது, நவம்பரில் விலகினார். இடையில் தென் அமெரிக்க கிளப்களுக்கான லிபர்டடோரெஸ் கோப்பையில் சான் லொரென்சோவுக்கு எதிராகச் சொந்த மண்ணில் 2-0 முன்னிலை, எதிரணியில் ஒன்பது பேர். அப்படியிருந்தும் 2-2 ஆகி வெளியேறினார்கள். அர்ஜென்டினாவில் அப்போது மூன்று சீசன் சராசரியை வைத்தே அணிகளைக் கீழே இறக்குவார்கள். 2011இல் ரிவர் வரலாற்றிலேயே முதல்முறையாக இரண்டாம் டிவிஷனுக்கு விழுந்தபோது, அந்தக் கணக்கில் 2008இன் அந்த இரண்டாம் பாதியும் இருந்தது. சிமியோனேவைப் புகழ்பவர்கள் இதைத் தவிர்த்துவிட்டுப் போவார்கள். தவிர்க்கக்கூடாது.

சான் லொரென்சோவில் பெரிதாக எதுவும் இல்லை. 2011 தொடக்கத்தில் சிசிலியின் கட்டானியாவைக் கீழே இறங்காமல் காப்பாற்றினார். மறுபடி ராசிங். அப்புறம் அந்த அழைப்பு.

2011 டிசம்பரில் கிங்ஸ் கப்பிலிருந்து அட்லெடிகோவை வெளியேற்றியது மூன்றாம் டிவிஷனில் ஆடிக்கொண்டிருந்த அல்பசேட்டே. இரண்டு ஆட்டத்திலும் தோல்வி. லீக்கில் பத்தாவது இடம். பயிற்சியாளர் மான்சானோவை நீக்கிவிட்டு, டிசம்பர் 23 அன்று சிமியோனேவை அறிவித்தார்கள். கிளப்பின் நிலைமையையும் சொல்ல வேண்டும். 2000இல் இரண்டாம் டிவிஷனுக்கு விழுந்து இரண்டு வருடம் அங்கேயே கிடந்த கிளப். தொலைக்காட்சிப் பணத்தில் பெரும் பங்கை ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் எடுத்துக்கொள்ள, மிச்சம்தான் மற்றவர்களுக்கு. ரியல் மாட்ரிட்டை 1999க்குப் பிறகு ஒருமுறைகூட வென்றதில்லை.

வந்த ஐந்தே மாதத்தில், ஐரோப்பிய கிளப்களுக்கான இரண்டாம் நிலைக் கோப்பையான யூரோப்பா லீக். புகாரெஸ்டில் நடந்த இறுதி ஆட்டத்தில் 3-0. தோற்றது பில்பாவோ, அதன் பயிற்சியாளர் மார்செலோ பியெல்சா, தேசிய அணியில் சிமியோனேவை ஆட வைத்தவர். அடுத்த சீசனைத் தொடங்கும்போதே ஐரோப்பிய சூப்பர் கோப்பையில் செல்சியை 4-1 என்று அடித்தார்கள். 2013 மே 17 அன்று ரியல் மாட்ரிட்டின் மைதானத்திலேயே கிங்ஸ் கப் இறுதி. ரியலின் கிறிஸ்டியானோ ரொனால்டோ முதல் கோல், அட்லெடிகோவின் முன்கள வீரர் டியேகோ கோஸ்டா சமன், கூடுதல் நேரத்தில் மிரான்டாவின் ஹெட்டர். 14 வருடச் சாபம் தீர்ந்தது.

இனி அந்த "பத்துப் பேரைப் பின்னால் நிறுத்துவது" என்ற விஷயம். ஒரு 2014 ஆட்டத்தை எடுத்து, பந்து எதிரணியிடம் இருக்கும்போது மட்டும் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். நான்கு பேர், அவர்களுக்கு முன்னால் நான்கு பேர், அதற்கும் முன்னால் இரண்டு பேர். முன்கள வீரர்கள் இருவரும் எதிரணி சென்டர் பேக்குகளை, அதாவது நடுவில் நிற்கும் தற்காப்பு வீரர்களை, துரத்த மாட்டார்கள். கொஞ்சம் பின்னால் வந்து, எதிரணியின் நடுகளத்தில் பந்தை வாங்கிப் பகிரும் ஆளை மறைத்து நிற்பார்கள். நடுவில் உள்ள நால்வரும் மைதானத்தின் முழு அகலத்துக்கும் பரவ மாட்டார்கள். கோகே, அர்தா துரான் இருவரும் பேருக்குத்தான் பக்கவாட்டு வீரர்கள். நிற்பது நடுவில். ஆக நடுவழி அடைபட்டுவிடும், ஓரம் திறந்திருக்கும். அந்த ஓரம் மறந்துபோய் விடப்பட்டதல்ல. வேண்டுமென்றே திறந்து வைத்த வாசல்.

பந்து ஓரத்துக்குப் போனதும் காட்சி மாறும். பக்கவாட்டுக் கோடே ஒரு காவலாள் ஆகிவிடும். கோகே, இடது பின்கள வீரர் ஃபிலிப்பே லூயிஸ், பக்கத்தில் உள்ள நடுகள வீரர் மூவரும் ஒரே சமயத்தில் பாய்வார்கள். பந்தைப் பறித்தால் இரண்டு மூன்று பாஸில் கோஸ்டாவின் காலுக்கு. பறிக்க முடியாமல் எதிரணி கிராஸ் அடித்தால், உள்ளே நிற்பது சென்டர் பேக்குகள் கோடினும் மிரான்டாவும். அவர்களுக்குப் பின்னால் கோல்கீப்பர் கூர்ட்வா. இதைப் பயந்து ஒதுங்குவது என்று எப்படிச் சொல்வது? பந்தைக் கொடுத்துவிட்டு இடத்தைத் தாங்கள் வைத்துக்கொள்கிறார்கள். எதிரணி எங்கே ஆட வேண்டும் என்பதை முடிவு செய்வது அட்லெடிகோ. இதற்கு நம்ப முடியாத உடல் உழைப்பு வேண்டும். 'புரொஃபே' என்று அழைக்கப்படும் உருகுவேக்காரர் ஓஸ்கர் ஒர்டேகாவின் பயிற்சி இல்லாமல் இந்த முறை இருபது நிமிடம்கூட நிற்காது.

கோல் எங்கிருந்து வந்தது? பெரும் பகுதி கார்னரிலிருந்தும் ஃப்ரீ கிக்கிலிருந்தும். கோகேவும் காபியும் அடிப்பார்கள். கோடின், மிரான்டா, ராவுல் கார்சியா முட்டுவார்கள். பான்டிச் அடித்து சிமியோனே முட்டிய அதே பாடம், ஆட்கள் மட்டும் வேறு.

2013-14 சீசனில் முன்கள வீரர் ஃபால்காவோவை விற்றிருந்தார்கள். பார்சிலோனா வேண்டாம் என்று விட்ட டேவிட் வியா வந்திருந்தார். நிருபர்கள் பட்டத்தைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் சிமியோனே ஒரே பதில் சொன்னார்: ஒவ்வோர் ஆட்டமாக. பிப்ரவரி 1 அன்று லூயிஸ் அரகோனெஸ் காலமானார். கிளப்பின் வரலாற்றில் மிகப் பெரிய பெயர் அவருடையது. 1974 ஐரோப்பியக் கோப்பை இறுதியில் கூடுதல் நேரத்தில் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டு வெற்றி வாசலில் நிறுத்தியவர். அன்று கடைசி நிமிடத்தில் பயர்ன் மியூனிக் சமன் செய்தது, மறு ஆட்டத்தில் 4-0. அன்றிலிருந்து அட்லெடிகோவை ராசியில்லாத அணி என்பார்கள்.

மே 17, பார்சிலோனாவின் மைதானமான காம்ப் நோ. டிரா செய்தால் அட்லெடிகோவுக்குப் பட்டம், வென்றால் பார்சிலோனாவுக்கு. முதல் பாதியிலேயே கோஸ்டா காயத்தோடு வெளியே, சில நிமிடத்தில் அர்தாவும் அழுதுகொண்டே வெளியே. அலெக்சிஸ் சான்செஸ் இடுக்கான கோணத்திலிருந்து பந்தை வெடிக்க விட்டார், 1-0. இந்த நிலையில் தற்காப்பு அணி என்ன செய்யும்? இடைவேளைக்குப் பின் அட்லெடிகோ முன்னேறிப் போய் அழுத்தியது. கார்னர், கோடின் ஹெட்டர், 1-1. அதன் பிறகு பார்சிலோனாவால் அந்தச் சுவரைத் திறக்க முடியவில்லை. 90 புள்ளி, 38 ஆட்டத்தில் வாங்கியது 26 கோல் மட்டும், 18 வருடத்துக்குப் பிறகு பட்டம். 2004இல் வலென்சியா வென்ற பிறகு ரியலும் பார்சிலோனாவும் தவிர வேறொரு கிளப் வென்றது அப்போதுதான். ஆட்டம் முடிந்ததும் பார்சிலோனா ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஏழு நாள் கழித்து லிஸ்பனில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக சாம்பியன்ஸ் லீக் இறுதி. காயம் ஆறாத கோஸ்டாவை இறக்கியது தவறு. ஒன்பதாவது நிமிடத்திலேயே வெளியேற, ஒரு மாற்று வீணானது. சிமியோனேவே அதற்குப் பொறுப்பேற்றார். கோடினின் கோலை 93ஆவது நிமிடம் வரை காப்பாற்றினார்கள். மோட்ரிச் கார்னர், ரமோஸ் தலை. கூடுதல் நேரத்தில் கால்கள் நகரவில்லை, 4-1. கார்னரில் வாழ்ந்த அணி கார்னரில் சாய்ந்தது. 2016இல் காலிறுதியில் பார்சிலோனாவையும் அரையிறுதியில் குவார்டியோலாவின் பயர்னையும் வெளியேற்றி, மிலானில் மறுபடி ரியல். கிரீஸ்மானின் பெனால்டி குறுக்குக் கம்பத்தில் மோதியது. கராஸ்கோ சமன் செய்தார். பெனால்டி ஷூட்அவுட்டில் ஹுவான்ஃபிரான் அடித்ததும் கம்பத்தில். தன் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று அன்றிரவு சிமியோனே சொன்னார். போகவில்லை. 2018இல் இன்னொரு யூரோப்பா லீக் வந்தது. அரையிறுதியில் வாங்கிய தடையால் அந்த இறுதி ஆட்டத்தை மேலே காலரியிலிருந்துதான் பார்த்தார்.

தடை என்றதும் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். 2014 ஸ்பானிஷ் சூப்பர் கோப்பையில் நான்காவது நடுவரின் தலையில் தட்டியது உள்ளிட்ட செயல்களுக்காக மொத்தம் எட்டு ஆட்டத் தடை வாங்கினார். வயது ஏறியும் அந்தக் குணம் முழுதாகப் போகவில்லை.

முத்திரை குத்துபவர்கள் கவனிக்காத சீசன் 2020-21. அப்போது மூன்று சென்டர் பேக்குகளை வைத்து, கராஸ்கோவை இடது ஓரம் முழுக்க ஓடவிட்டு, பந்தைத் தாங்களே வைத்துக்கொண்டு ஆடிய அணி அது. மார்கோஸ் யொரென்டே அடிப்படையில் தற்காப்பு நடுகள வீரர். அவரை முன்னால் தள்ளி, இடைவெளி பார்த்து ஓடச் சொன்னார். அந்த சீசனில் அவர் லீக்கில் போட்டது 12 கோல், 95-96இல் சிமியோனே போட்ட அதே எண்ணிக்கை. பார்சிலோனா வெளியே அனுப்பிய லூயிஸ் சுவாரெஸ் 21 கோல். கடைசி நாளில் வயாடோலிடில் பின்தங்கி, கொரேயாவும் சுவாரெஸும் அடித்து 2-1. 86 புள்ளி, ரியலைவிட இரண்டு அதிகம்.

விமர்சனம் வைக்க வேண்டிய இடம் வேறு. பணம் இல்லாதபோது எல்லோரிடமிருந்தும் அதிகபட்சத்தை வாங்கியவர், பணம் வந்தபோது தடுமாறினார். 2019இல் சுமார் 12.6 கோடி யூரோவுக்கு வாங்கிய முன்கள வீரர் ஜோவாவ் ஃபெலிக்ஸை என்ன செய்வது என்று கடைசி வரை அவருக்குத் தெரியவில்லை. ஃபெலிக்ஸின் தவறும் உண்டு, ஆனால் பெரும் பங்கு பயிற்சியாளருடையது. 2021க்குப் பிறகு பெரிய கோப்பை இல்லாமல் இத்தனை வருடம் போனதையும் அவரிடம்தான் கேட்க வேண்டும். அரகோனெஸின் சாதனையைத் தாண்டி, கிளப்பின் வரலாற்றில் அதிக ஆட்டங்களுக்குப் பயிற்சியளித்தவர் ஆகிவிட்டார். மகன் ஜூலியானோவும் இப்போது அதே அணியில் ஆடுகிறார். நீண்ட காலம் இருப்பதே ஒரு சாதனை, அது மட்டுமே போதாது.

நீங்களே பார்த்து முடிவு செய்ய மூன்று ஆட்டங்கள் சொல்கிறேன். முதலில் காம்ப் நோ 2014, இரண்டாம் பாதி மட்டும் போதும். அடுத்து 2016 அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம்: பயர்ன் முப்பதுக்கும் மேற்பட்ட ஷாட் அடிக்கிறது, முல்லரின் பெனால்டியை அட்லெடிகோ கோல்கீப்பர் ஓப்லாக் தடுக்கிறார், ஒரே ஒரு எதிர்த்தாக்குதலில் கிரீஸ்மான் கோல் போட்டுவிடுகிறார். தற்காப்பு என்ற குற்றச்சாட்டுக்கு மிக நெருக்கமான ஆட்டம் அதுதான், அதனாலேயே பார்க்க வேண்டும். மூன்றாவது 2020 மார்ச்சில் ஆன்ஃபீல்டில் லிவர்பூலுக்கு எதிரானது. கூடுதல் நேரத்தில் 2-0 பின்தங்கி 3-2 என்று ஜெயித்தது. அதில் யொரென்டே எப்போது உள்ளே வருகிறார், யாருக்குப் பதிலாக வருகிறார், வந்த பிறகு எந்த இடத்தில் நிற்கிறார் என்று கவனியுங்கள். உள்ளே அனுப்பியது நடுகள வீரரை, வெளியே எடுத்தது முன்கள வீரர் கோஸ்டாவை. கோல் தேவைப்படும் நேரத்தில் பின்வாங்குகிறார் என்றுதான் அப்போது தோன்றும். அந்த மூன்று கோலில் இரண்டு யொரென்டே அடித்தது.